கிலோ கணக்கும் மாதக் கணக்கும்: பழைய சாமான் சேகரிப்போரின் வாழ்வூதியத்தை ஆராய்வது எப்படி?

சக ஆசிரியர்களுக்கும் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் கருத்து விளக்கக் கட்டுரைக்கும் விவாதக் கட்டுரைக்கும் இதிலுள்ள தகவல்களை எடுத்துக்கொள்ளலாம். ஆறாம் படிவத்தில் கள ஆய்வு செய்யும் மாணவர்களுக்குக் கணக்கிடும் முறையையும் தந்திருக்கிறேன். கடைசிப் பகுதியில் தேர்வுக்கான குறிப்புகள் உள்ளன. ஆனால் நேராக அங்கே போய்விடாதீர்கள். முதலில் ஒரு சின்னக் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் உதவித்தொகைப் படிவத்தோடு வந்து நின்றான். அவன் அப்பா வேனில் தாமான் தாமானாகப் போய்ப் பழைய சாமான் வாங்குபவர். படிவத்தில் "பெற்றோரின் மாதச் சம்பளம்" என்று ஒரு கட்டம். "டீச்சர், எங்கப்பாவுக்குக் கிலோ கணக்குலதான் காசு வரும். அத எப்படி மாசக் கணக்குல எழுதுறது?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவுக்கு விக்கிறாரு?" என்று கேட்டேன். அவன் சொன்ன தொகையை 26 நாளால் பெருக்கினேன். எழுதிக் கொடுத்தேன். வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

அடுத்த வாரம் அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். கையில் நம் ஊர் மளிகைக் கடைகளில் கடன் எழுதும் அதே 555 நோட்டுப் புத்தகம். ஒரு பக்கம் விற்ற காசு. மறு பக்கம் பெட்ரோல், வேன் தவணை, டயர், சாமான் கொடுத்த வீடுகளுக்குக் கொடுத்த காசு. "டீச்சர், நீங்க எழுதினது வசூலு. சம்பளம் இல்ல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த நோட்டைப் படியெடுத்து மறுவிண்ணப்பம் அனுப்பினோம். மறு ஆண்டு உதவி கிடைத்தது. அந்த ஆண்டு போனது போனதுதான்.

நான் செய்த தவற்றைத்தான் பல கட்டுரைகளும் சில கணக்கெடுப்புகளும் செய்கின்றன. ஆகவே, "குப்பையைப் பொறுக்கி வாழ்பவருக்கு ஒரு மாதத்துக்கு எவ்வளவு வேண்டும்? எவ்வளவு கிடைக்கிறது?" என்ற இரண்டு கேள்விகளையும் ஒழுங்காகக் கேட்டுப் பார்ப்போம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

"மறுசுழற்சித் தொழிலாளி" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஜொகூரில் உங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாலே நான்கு வகையினர் தெரிவார்கள்.

முதலாமவர், ஒலிபெருக்கி கட்டிய வேனிலோ சிறு லோரியிலோ வருபவர். "சூராட் காபார் லாமா, பெசி புரோக்" என்ற குரல் ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தைக் கலைத்திருக்கும். இவர் பொருளை வீட்டுக்காரரிடம் காசு கொடுத்து வாங்கிப் பழைய இரும்புக் கடையில் விற்கிறார். இரண்டாமவர், சைக்கிளிலோ மோட்டாரிலோ நடந்தோ கடைவீதிகளில் அட்டைப்பெட்டியும் அலுமினிய டின்னும் சேகரிப்பவர். பலர் வயதானவர்கள். மூன்றாமவர், பழைய இரும்புக் கடைகளிலும் மறுசுழற்சிக் கூடங்களிலும் தரம் பிரிக்கும் தொழிலாளி; வெளிநாட்டவர் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். நான்காமவர், குப்பை லோரியில் வரும் நிறுவனத் தொழிலாளி.

இந்த வகைப்பாடு ஏன் முக்கியம்? மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் முதலாளி இருக்கிறார். ஆகவே குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும். வெளிநாட்டுத் தொழிலாளியாக இருந்தாலும் பொருந்தும். முதல் இரு வகையினருக்கு முதலாளியே இல்லை. விலைதான் அவர்களுக்குச் சம்பளம். அந்த விலையை அவர்கள் நிர்ணயிப்பதில்லை. வீட்டிலிருந்து வேன், வேனிலிருந்து கடை, கடையிலிருந்து பெரிய மொத்த வியாபாரி, அங்கிருந்து ஆலை அல்லது ஏற்றுமதி என்று சங்கிலி நீள்கிறது. உலகச் சந்தையில் பழைய காகிதத்தின் விலை இறங்கினால் சங்கிலியின் கடைசிக் கண்ணியான வேன்காரருக்குத்தான் முதலில் அடி விழும். 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குத் தடை போட்டபோது உலகம் முழுக்க இந்தச் சங்கிலி குலுங்கியது. திரும்பிய கப்பல்களில் பல நம் நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தன.

நம் மாநிலத்தில் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் 2007 நடப்பில் உள்ளது. 2011 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம் இது. குப்பையை வீட்டிலேயே பிரித்துப் போட வேண்டும் என்ற விதி 2015 செப்டம்பர் 1இல் தொடங்கியது. கழிவு சேகரிக்கும் சேவைக்கு உரிமம் வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உரிமம் இல்லாமல் பிழைப்பவர், கையில் படிவத்தோடு வரும் ஆளைக் கண்டால் ஏன் நழுவுகிறார் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உலக அளவில் இப்படிக் கழிவு சேகரித்து வாழ்பவர்கள் 1.5 கோடி முதல் 2 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பரவலாக எடுத்தாளும் மதிப்பீடு.

மூன்று கோடுகள்: குழப்பிக்கொள்ளாதீர்கள்

மாணவர் கட்டுரைகளில் நான் அதிகம் சிவப்பு மையிடும் இடம் இது. வறுமைக் கோடு, குறைந்தபட்ச ஊதியம், வாழ்வூதியம் மூன்றும் வேறு வேறு.

வறுமைக் கோடு என்பது ஒரு குடும்பம் உண்டு, உடுத்தி, உயிர்வாழத் தேவையான மிகக் குறைந்த வருமானம். மலேசியாவில் 2019ஆம் ஆண்டுக்கு அது மாதம் 2,208 ரிங்கிட். 2022ஆம் ஆண்டுக்கு 2,589 ரிங்கிட். இது நாட்டின் சராசரி. குடும்பத்தின் அளவுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும். இது குடும்பத்துக்கான கோடு, தனி ஆளுக்கானது அல்ல.

குறைந்தபட்ச ஊதியம் என்பது முதலாளி ஒரு தொழிலாளிக்குக் கொடுத்தே ஆக வேண்டிய தொகை. தேசிய சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் 2011இன் கீழ் இது நிர்ணயிக்கப்படுகிறது. 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட், 2016இல் 1,000, 2019இல் 1,100, 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 என்று ஏறி வந்திருக்கிறது. ஐந்துக்கும் குறைவான தொழிலாளர் உள்ள இடங்களுக்கு 1,700 ரிங்கிட் 2025 ஆகஸ்டு 1இல்தான் தொடங்கியது. சிறிய பழைய இரும்புக் கடைகள் பலவும் இந்த இரண்டாம் வகைதான்.

வாழ்வூதியம் என்பது வேறு கேள்வி. "சட்டம் எவ்வளவு கேட்கிறது?" என்பதல்ல, "மானத்தோடு வாழ எவ்வளவு வேண்டும்?" என்பது. பேங்க் நெகாரா 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 2016ஆம் ஆண்டு விலைவாசிப்படி கோலாலம்பூரில் தனி ஆளுக்கு மாதம் 2,700 ரிங்கிட், பிள்ளையில்லாத தம்பதிக்கு 4,500, இரு பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு 6,500 தேவை என்று மதிப்பிட்டது. அதே 2016இல் குறைந்தபட்ச ஊதியம் 1,000 ரிங்கிட். இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நீங்களே பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இது கோலாலம்பூர்க் கணக்கு. இதைத் தூக்கி அப்படியே குளுவாங்குக்கோ சிகாமட்டுக்கோ பொருத்தக்கூடாது. ஜொகூர் பாருவுக்கு ஊழியர் சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிடும் "பெலஞ்சாவான்கூ" செலவு வழிகாட்டி இன்னும் பொருத்தமானது.

புதிய சிந்தனையா? இல்லை, பாட்டன் காலத்துக் கணக்கு

வாழ்வூதியம் என்பது ஏதோ நேற்று வந்த மேல்நாட்டுப் பேச்சு என்று நினைக்காதீர்கள். 1919இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு தொடங்கியபோதே அதன் சாசன முகவுரையில் இந்தச் சொல் இருந்தது. 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 23ஆம் பிரிவு, உழைப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மனித மாண்புக்குத் தக்க வாழ்வைத் தரும் ஊதியம் வேண்டும் என்கிறது. 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு சூத்திரமே போட்டது: ஓர் உழைப்பாளிக்கு மூன்று நுகர்வு அலகுகள், ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருளுக்கும் விளக்குக்கும் பிற செலவுக்கும் 20 விழுக்காடு. பின்னர் 1991இல் இந்திய உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், விழாக்கள், முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டைச் சேர்க்கச் சொன்னது.

நம் சொந்த வரலாற்றிலும் இது உண்டு. மலாயாத் தோட்டங்களில் 1920களில் இந்தியத் தொழிலாளருக்குத் "தரக்கூலி" நிர்ணயிக்கப்பட்டது. தொழிலாளியின் அரிசி, துணி முதலிய செலவுகளைப் பட்டியல் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு அது. பொருளாதார மந்தத்தில் அந்தக் கூலியை வெட்டினார்கள். 1936 இறுதியில் மலாயா வந்து பார்த்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நிலைக்குக் கூலியைத் திருப்ப வேண்டும் என்று தம் அறிக்கையில் பரிந்துரைத்தார். அந்தப் பட்டியலில் எது "தேவை", எது "ஆடம்பரம்" என்பதைத் தொழிலாளி எழுதவில்லை; மேசைக்கு மறுபக்கம் இருந்தவர்கள் எழுதினார்கள். ஒரே வேலைநாளுக்குப் பெண்ணின் கூலி குறைவாகவே வைக்கப்பட்டது. வாழ்வூதியம் ஆராயும் எவரும் இந்த இரண்டு பாடங்களையும் மனதில் வைக்க வேண்டும்: பட்டியலை யார் எழுதுகிறார்? யாருடைய உழைப்பு பட்டியலில் குறைத்து மதிப்பிடப்படுகிறது?

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இதற்கு ஒரு நல்ல பதில் கிடைத்தது. அங்குள்ள ஆய்வாளர்கள் சாதாரண மக்களையே குழுக்களாக உட்கார வைத்து, "ஒருவர் கௌரவமாக வாழ என்னென்ன வேண்டும்?" என்று பேசவைத்துப் பட்டியல் எடுத்தார்கள். 65 வயதைத் தாண்டித் தனியாக வாழும் ஒருவருக்கு மாதம் 1,379 சிங்கப்பூர் வெள்ளி தேவை என்று 2019இல் வெளியிட்டார்கள். பல் மருத்துவமும், பேரப்பிள்ளைகளுக்குப் பண்டிகைக் காலத்தில் கொடுக்கும் காசும்கூடத் தேவைதான் என்று மக்கள் பேசினால், அதையும் எழுதிக்கொள்வதுதான் இந்த முறையின் அழகு.

வலது கை: எவ்வளவு வேண்டும்?

இப்போது கணக்குக்கு வருவோம். உலக அளவில் அதிகம் பயன்படுவது ரிச்சர்ட் ஆங்கர், மார்த்தா ஆங்கர் இருவரும் வகுத்த முறை. 2017இல் கையேடாக வெளிவந்தது. அதன் படிகள் எளியவை:

1. சத்தான, ஆனால் மலிவான உணவுக்கு ஆகும் செலவு. உள்ளூர்ப் பாசாரில் விலை கேட்டு எழுத வேண்டும்.
2. மனிதர் குடியிருக்கத் தக்க வீட்டின் வாடகை, தண்ணீர், மின்சாரம்.
3. உடை, போக்குவரத்து, படிப்பு, மருத்துவம், தொலைபேசி முதலிய பிற தேவைகள்.
4. எதிர்பாராத செலவுக்கு 5 விழுக்காடு.
5. மொத்தத்தை, குடும்பத்தில் உழைப்பவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

கீழே உள்ள எண்கள் எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல. என் மாணவனின் குடும்பக் கணக்கும் அல்ல. கணக்கு விளங்க வேண்டும் என்று நானே போட்ட பயிற்சி எண்கள். உங்கள் ஊருக்கு நீங்கள் விலை கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நால்வர் கொண்ட குடும்பம். உணவு 1,100 ரிங்கிட், வீடு 750, பிற தேவைகள் 900. கூட்டினால் 2,750. அவசரச் செலவுக்கு 5 விழுக்காடு, அதாவது 137.50. மொத்தம் 2,887.50. கணவர் முழுநேரம், மனைவி அரைநேரம் உழைக்கிறார்கள் என்றால் உழைப்பவர் எண்ணிக்கை 1.5. வகுத்தால் முழுநேர உழைப்பாளி ஒருவருக்கு 1,925 ரிங்கிட்.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சம்பளக்காரருக்கு இது சரி. ஏனென்றால், ஊழியர் சேமநிதிக்கு முதலாளி தனியாகப் பணம் கட்டுகிறார், சொக்சோவும் உண்டு, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பும் உண்டு. வேன்காரருக்கு இவை எதுவும் இல்லை. கண்ணாடி குத்திக் கை வீங்கினால் அன்றைய வருமானம் பூச்சியம். ஆகவே அவற்றின் செலவையும் சேர்க்க வேண்டும். முதுமைச் சேமிப்புக்கு 200 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில் செய்பவருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017இன் கீழ்ச் சொக்சோவில் மிகக் குறைந்த திட்டத்துக்குச் சந்தா மாதம் 13.10 ரிங்கிட். சேர்த்தால் 2,138.10.

சுயதொழில் செய்பவருக்கு "வாழ்வூதியம்" என்பதைவிட "வாழ்வு வருமானம்" என்ற சொல்லே பொருந்தும் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான். ஊதியம் என்றால் கொடுப்பவர் ஒருவர் இருக்க வேண்டும்.

இடது கை: எவ்வளவு கிடைக்கிறது?

இப்போது 555 நோட்டின் பக்கங்கள். ஒரு நாள் விற்பனை 100 ரிங்கிட். 26 நாளுக்கு 2,600. "பரவாயில்லையே, 2,138ஐவிட அதிகம்தானே!" என்று தோன்றும். படிவத்தில் நான் எழுதியதும் இப்படித்தான். செலவைக் கழிப்போம்:

வீட்டுக்காரர்களுக்குச் சாமானுக்குக் கொடுத்தது 520 ரிங்கிட்.
பெட்ரோல் 390.
வேன் தவணை 350.
பழுது, டயர் 120.
சாலை வரி, காப்புறுதியின் மாதப் பங்கு 80.

மொத்தச் செலவு 1,460. கையில் நிற்பது 1,140 ரிங்கிட்.

இன்னும் முடியவில்லை. எத்தனை மணி நேரம் உழைத்து இந்த 1,140 வந்தது? காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஆறு வரை, நாளுக்கு 10 மணி நேரம். 26 நாளுக்கு 260 மணி. வீட்டு முற்றத்தில் செம்பு தனி, அலுமினியம் தனி, காகிதம் தனி என்று பிரிப்பது யார்? மனைவி. நாளுக்கு இரண்டு மணி என்றாலும் 52 மணி. ஆக மொத்தம் 312 மணி. 1,140ஐ 312ஆல் வகுத்தால் மணிக்கு 3.65 ரிங்கிட்.

இதற்குப் பக்கத்தில் இரண்டு எண்களை எழுதிப் பாருங்கள். குறைந்தபட்ச ஊதியமான 1,700 ரிங்கிட்டை 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு 8.17. நமக்குத் தேவைப்பட்ட 2,138.10ஐ வாரம் 45 மணி நேர வேலைக்கு, அதாவது மாதம் 195 மணிக்கு, வகுத்தால் 10.96. (வாரத்துக்கு 45 மணி என்பது 2023 ஜனவரி முதல் நம் வேலைச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு.) 3.65, 8.17, 10.96. இந்த மூன்று எண்களும் பயிற்சிக்கானவைதான் என்றாலும், எண்களை வைக்கும் வரிசைதான் ஆய்வு.

வாழ்வூதியத்தை வழக்கமான வேலை நேரத்துக்குத்தான் கணக்கிட வேண்டும் என்பது முக்கியமான விதி. 2024 மார்ச்சில் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் ஆட்சிக் குழு ஏற்றுக்கொண்ட வரையறையும் இதையே சொல்கிறது. பதினைந்து மணி நேரம் உழைத்து ஒருவர் அந்தத் தொகையைத் தொட்டுவிட்டால், "அவருக்குப் போதுமான வருமானம் இருக்கிறது" என்று எழுதக்கூடாது.

களத்தில் கவனிக்க வேண்டியவை

ஆய்வு செய்யப் போகும் மாணவர்களே, இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

கேள்வியை மாற்றுங்கள். "மாசம் எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?" என்று கேட்டால் வசூலைச் சொல்வார்கள், அல்லது பயந்துகொண்டு குறைத்துச் சொல்வார்கள். "நேத்து எத்தனை கிலோ போட்டீங்க? பெட்ரோல் எவ்வளவு அடிச்சீங்க?" என்று கேளுங்கள். நேற்று என்பது ஞாபகத்தில் இருக்கும்.

ஒரே வாரத்தை நம்பாதீர்கள். சீனப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன்பு வீடுகளைச் சுத்தம் செய்வார்கள், சாமான் குவியும். ஆண்டிறுதி மழையில் அட்டை நனையும். நனைந்த அட்டைக்குக் கடைக்காரர் எடையைக் கழிப்பார். ஆண்டில் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏழு நாள் கணக்கு எழுதி வாங்குவது நல்லது.

யாரை விட்டுவிட்டோம் என்று பாருங்கள். இந்தத் தொழிலாளர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. பழைய இரும்புக் கடை வாசலில் நின்றால் விற்க வருபவர் எல்லாரையும் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் சைக்கிளில் வரும் பாட்டி தன் அட்டையை வேன்காரரிடமே விற்றுவிடுவார். கடை வாசலுக்கு வரவே மாட்டார். வீட்டில் தரம் பிரிக்கும் மனைவியும் அங்கே தெரியமாட்டார்.

காரணத்தை நீங்களே முடிவு செய்யாதீர்கள். 2015இல் சிங்கப்பூரில் அட்டை சேகரிக்கும் முதியோர் பற்றி ஒரு பெரிய விவாதம் எழுந்தது. உடற்பயிற்சிக்காகவும் பொழுதுபோக்காகவும் செய்பவர்கள் உண்டு என்று சொல்லப்பட்டதுதான் காரணம். ஒருவேளை சிலர் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாதவர் வந்து கேட்டால், "காசில்லாமல்தான் பொறுக்குகிறேன்" என்று எந்தப் பெரியவர் வாய்விட்டுச் சொல்வார்? மானம் மறைக்கும் பதிலையும் ஆய்வாளர் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயரை எழுதாதீர்கள், படம் எடுக்காதீர்கள். உரிமமோ ஆவணமோ இல்லாதவருக்கு உங்கள் ஆய்வால் தீங்கு வரக்கூடாது. அவருடைய ஒரு மணி நேரத்துக்கு விலை இருக்கிறது என்பதைத்தானே ஆராய்கிறோம்? பேட்டியில் அந்த ஒரு மணி நேரத்தை இலவசமாக எடுத்துக்கொள்வது எப்படி நியாயம்? குறைந்தபட்சம் உங்கள் வீட்டுப் பழைய செய்தித்தாளையாவது கட்டிக்கொண்டு போங்கள்.

இடைவெளியை நிரப்பியவர்கள்

"சரி டீச்சர், பள்ளம் இருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு. யாரு நிரப்புறது?" இது வகுப்பில் வந்த கேள்வி. நியாயமான கேள்வி. குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை முதலாளி இல்லாத இடத்தில் காட்ட முடியாது. வேறு வழிகளை உலகம் முயன்று பார்த்திருக்கிறது.

இந்தியாவின் புனே நகரில் கழிவு சேகரிப்போர் 1993இல் தொழிற்சங்கமாகத் திரண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2008இல் அவர்களுக்கே சொந்தமான "ஸ்வச்" கூட்டுறவு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடு வீடாகக் குப்பை எடுக்கத் தொடங்கியது. வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருகிறார். பழைய பொருளை விற்ற காசும் அவர்களுக்கே. இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். விலை இறங்கினாலும் கட்டணம் நிற்கும். பொருளுக்கு மட்டும் விலை இருந்த இடத்தில் உழைப்புக்கும் ஒரு விலை வந்துவிட்டது.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் சேகரிப்போர் நீதிமன்றப் படியேறினார்கள். அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று பல தீர்ப்புகள் வழங்கியது. 2013 முதல் அவர்கள் சேகரித்த எடைக்கு ஏற்ப நகர நிர்வாகம் சேவைக் கட்டணம் தரத் தொடங்கியது. லோரி நிறுவனத்துக்குக் குப்பை அள்ளக் காசு கொடுக்கிறீர்கள்; அதே குப்பையைக் குறைக்கும் எங்களுக்கு ஏன் இல்லை? இதுதான் அவர்களின் வாதம். பிரேசில் 2002இல் இந்த வேலையை அதிகாரபூர்வத் தொழில் பட்டியலில் சேர்த்தது. படிவத்தில் எழுத ஒரு பெயர் கிடைப்பதும் சின்ன விஷயமல்ல என்பது எனக்கு இப்போது தெரியும்.

சிங்கப்பூர் வேறு வழி எடுத்தது. கழிவு மேலாண்மைத் துறையின் தொழிலாளருக்குத் திறனோடு ஏறும் படிப்படியான ஊதிய முறையை 2023 ஜூலையில் கொண்டுவந்தது. ஆனால் அது முதலாளி உள்ளவருக்கு மட்டுமே. அட்டை சேகரிக்கும் முதியவரை அது எட்டாது. பெரிய பான நிறுவனங்களும் நுகர்பொருள் நிறுவனங்களும் சில, தங்கள் போத்தலைப் பொறுக்குபவரின் வாழ்வு வருமானத்துக்குத் தங்களுக்கும் பொறுப்பு உண்டு என்று 2022இல் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கியிருக்கின்றன. சொன்னது கிலோ விலையில் தெரிகிறதா என்பதைத்தான் வருங்கால ஆய்வுகள் பார்க்க வேண்டும்.

எந்த வழியானாலும் முதல் படி ஒன்றுதான்: நேர்மையான கணக்கு. அது இல்லாமல் யாரிடமும் போய் எதையும் கேட்க முடியாது.

தேர்வுக்கான குறிப்புகள்

சொல் தேர்வு: கூலி என்பது நாள் அல்லது வேலை அளவுக்குக் கிடைப்பது, சம்பளம், ஊதியம் என்பவை முதலாளி தருவது, வசூல் என்பது செலவு கழிக்காத வரவு, வருமானம் என்று எழுதினால் செலவு கழித்ததா கழிக்காததா என்று குறிப்பிடுங்கள். "குப்பைக்காரர்" என்று எழுத வேண்டாம். "கழிவு சேகரிப்போர்", "மறுசுழற்சித் தொழிலாளர்" என்று எழுதுங்கள். இது வெறும் மரியாதைக்காக அல்ல. அவர் செய்யும் வேலையைச் சரியாகச் சொல்வதற்காக.

கட்டுரை அமைப்பு: முன்னுரையில் ஒரு காட்சி போதும். கருத்துப் பத்திகளில் (1) தொழிலின் தன்மை, (2) மூன்று கோடுகளின் வேறுபாடு, (3) மறைந்திருக்கும் செலவும் நேரமும், (4) தீர்வுகள் என்று வரிசைப்படுத்தலாம். ஒவ்வொரு பத்தியிலும் ஆண்டோடு ஒரு சான்று இருக்கட்டும். முடிவுரையில் "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைத் தவிர்த்து, யார், எதை, எப்படி என்று எழுதுங்கள்.

மாதிரிக் கருத்துப் பத்தி: "கழிவு சேகரிப்போரின் வருமானத்தை மதிப்பிடுகையில் விற்பனைத் தொகையை மட்டும் பார்ப்பது தவறாகும். எரிபொருள், வாகனத் தவணை, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழித்த பின்னரே உண்மையான வருமானம் தெரியவரும். மேலும், வீட்டில் பொருளைத் தரம் பிரிக்கும் குடும்பப் பெண்களின் உழைப்பு பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. புனே நகரில் 2008இல் தொடங்கிய கூட்டுறவு முறையைப் போல் சேவைக் கட்டணமும் வழங்கப்பட்டால், சந்தை விலை சரிந்தாலும் இவர்கள் வாழ்க்கை சரியாது."

வகுப்பு நடவடிக்கை: ஆசிரியர்கள் மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்து, வேன்காரர், கடைக்காரர், வீட்டுக்காரர், நகராண்மைக் கழக அதிகாரி என்று பங்கு கொடுக்கலாம். ஒரு கிலோ பழைய காகிதத்தின் விலையை மேசைமேல் வைத்துப் பேரம் பேசச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் செலவைப் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டும். நாற்பது நிமிடத்தில், பாடநூல் சொல்லாததையெல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை உதவித்தொகைப் படிவத்தோடு மாணவர் வந்து நின்று, பெற்றோர் வேலை "சுயதொழில்" என்று சொன்னால், உடனே 26ஆல் பெருக்காதீர்கள். "வீட்டில நோட்டுப் புத்தகம் இருக்கா? நாளைக்கு எடுத்துட்டு வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். இரு பக்கத்தையும் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.